தானே ஓட்டி வந்த சிறப்பு விருந்தினர்

அந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாஸ்டரம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் வேறெங்கோ கற்றுக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் வளைவில் திரும்புகிற லட்சணத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பார் மாஸ்டரம்மா.

டிரைவிங் ஸ்கூல் என்று வெளியே பலகை மாட்டியிருந்தாலும் உள்ளே இருந்தது ஒரே ஓர் அறைதான். சாலைக் குறிகள் அச்சடித்த படம் ஒன்று, மேசை ஒன்று, காத்திருப்பவர்கள் உட்கார ஏதோ ஒரு பழைய வேனிலிருந்து கழற்றி வந்த பின் இருக்கை. வாசலில் ஒரு வெள்ளைக் கார். வெள்ளை என்பது பேச்சுக்குத்தான். அதன் நான்கு மூலைகளிலும் ஊர்க்காரர்களின் கைவண்ணம் இருந்தது. பக்கத்து இருக்கையின் காலடியில் மாஸ்டரம்மாவுக்கென்று தனியாக ஒரு பிரேக். அதை மிதித்து மிதித்து அவருடைய வலது காலுக்குச் சொந்தமாகவே ஒரு புத்தி வந்துவிட்டது. வீட்டில் டிவி பார்க்கும்போது திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் போதும், சோபாவில் இருந்தபடியே தரையை ஒரு மிதி மிதிப்பார்.

அவருடைய கணவர் தபால்காரர். சைக்கிளைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். "நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்குடு, எனக்கு மட்டும் வேணாம். உன்கிட்ட வீட்டுல வாங்குறதே போதும்" என்பார்.

மாஸ்டரம்மா இந்தத் தொழிலுக்கு வந்ததே கோபத்தில்தான். துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் கார் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார். அங்கே சொல்லிக்கொடுத்த ஆள் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததும் கொட்டாவி விடுவார், அடுத்த தெருமுனை வருவதற்குள் தூங்கிவிடுவார். ஒருநாள் குறுக்கே ஓடிய நாய்க்காக இவர் பிரேக் போட, அந்த ஆள் தலையை முன்னால் இடித்துக்கொண்டு எழுந்து, "இதுக்குத்தான் பொம்பளைங்களுக்கு வண்டி வேணாங்கறது" என்றார். இவர் ஒழுங்காக ஓட்டக் கற்றுக்கொண்டு, சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கான பரீட்சையும் எழுதித் தேறி, அந்த ஆள் கடையைக் கட்டிய அதே வாரத்தில் அதே அறையை வாடகைக்குப் பிடித்தார். சுவரிலிருந்த சாலைக் குறிப் படம்கூட அந்த ஆளுடையதுதான். நல்ல படம், எதற்குக் கழற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார்.

புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுவார். "இஞ்சின் ஓடும்போது என்கிட்ட மரியாதைய எதிர்பார்க்காதீங்க. நிறுத்தினதும் மொத்தமா குடுத்துடறேன்." சொன்னபடியே செய்வார். போலீஸ் அதிகாரியாக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியராக இருந்தாலும் சரி, சாவியைத் திருகியதும் "கால எடு! எந்தக் காலா? உனக்கு எத்தன கால் இருக்கு?" என்று ஆரம்பித்துவிடுவார். என்ஜினை அணைத்ததும், "இன்னிக்குப் பரவாயில்ல சார், நாளைக்குப் பார்ப்போம் சார்."

இப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒருவர் பல் டாக்டர். ஊரில் இருந்த சேவைச் சங்கத்துக்குத் தலைவர் அவர்தான். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நூலகத்தின் மாடியிலுள்ள கூடத்தில் சங்கம் கூடும். சங்கத்தில் பெண்களே இல்லையே என்று யாரோ கேட்டுவிட்டார்களாம். உடனே டாக்டர் மாஸ்டரம்மாவைத் தேடி வந்து, சமூகம், சேவை, கடமை என்றெல்லாம் பேசி உறுப்பினராக்கினார். சேர்ந்த முதல் கூட்டத்திலேயே, யாரும் தொட விரும்பாத வேலையை அவர் தலையில் கட்டினார்கள். மாதம் ஒரு பேச்சாளரைப் பிடித்துவர வேண்டும்.

அது என்ன பெரிய வேலை என்று நினைத்தார் மாஸ்டரம்மா. இறங்கிய பிறகுதான் தெரிந்தது. வருவதாகச் சொன்னவர்களுக்கு அன்றைக்கென்று காய்ச்சல் வரும். வந்தவர்கள் மைக்கை விடமாட்டார்கள். யாரும் அகப்படாத மாதங்களில் சங்கத்து உறுப்பினரான இன்சூரன்ஸ்காரரே எழுந்து, 'எதிர்பாராதது' என்ற தலைப்பில் பேசிவிடுவார். அவர் எழுந்திருப்பதைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் தேய்ந்துகொண்டே போனது. நாற்காலிகள் மட்டும் குறையாமல் வந்தன.

"இந்தத் தடவ பெரிய ஆளா பிடிக்கணும் மாஸ்டரம்மா" என்றார் டாக்டர். "மெத்தைக் கம்பெனி முதலாளி. அவர் எந்த மேடையும் ஏறமாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நீங்க ஒருதடவ கேட்டுப் பாருங்க."

ஊரில் முக்கால்வாசி வீடுகளில் அவருடைய மெத்தையில்தான் தூங்கினார்கள். ஊர்க்காரர்களில் பலருக்கு அவருடைய கம்பெனியில்தான் வேலை. பெரிய கறுப்புக் காரின் பின் இருக்கையில், கண்ணாடி ஏற்றிய ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நிழலாகத்தான் அவரைப் பார்த்திருக்கிறார்கள். அவரைப் போய்க் கேட்பதா என்று வேறு யாராயிருந்தாலும் தயங்கியிருப்பார்கள். மாஸ்டரம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "கேட்டுப் பார்க்கறேன் டாக்டர்" என்றார். உள்ளுக்குள் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அன்று காலையில்தான் அந்த மெத்தை முதலாளியை, "ஸ்டீயரிங்க என்ன மாவு பிசையற மாதிரி பிடிக்கிற?" என்று கேட்டிருந்தார்.

ஆமாம். மெத்தை முதலாளி ரகசியமாகக் கார் கற்றுக்கொண்டிருந்தார். விடியற்காலையில் அவருடைய டிரைவர் கறுப்புக் காரில் அவரை ஊருக்கு வெளியே கல்குவாரி சாலைக்குக் கொண்டுவந்து விடுவார். அங்கே மாஸ்டரம்மாவின் வெள்ளைக் கார் காத்திருக்கும். முதலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கறுப்புக் காரின் பின்கதவைத் திறந்து இறங்கி, வெள்ளைக் காரின் முன்கதவுக்குள் நுழைவார். கள்ளக் கடத்தல்காரர்கள்கூட இவ்வளவு பதுங்கியிருக்க மாட்டார்கள்.

வேலையாட்கள் ஆயிரம் பேரைக் கட்டி மேய்த்தவருக்குக் கிளட்ச் மட்டும் கட்டுப்படவே இல்லை. வண்டி முயல் மாதிரி குதிக்கும், பிறகு நின்றுவிடும். "நின்னுடுச்சு" என்பார் பரிதாபமாக. "எனக்குத் தெரியுது" என்பார் மாஸ்டரம்மா. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு முறை தோற்றார். ஒருமுறை இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டு, மழையே இல்லாத தெருவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே திரும்பினார்.

அவர் ஏன் இந்த வயதில் இவ்வளவு பாடுபடுகிறார் என்பது மாஸ்டரம்மாவுக்குப் புரியவில்லை. ஒருநாள் கேட்டும் பார்த்தார். "ஒரு காரணம் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்தார் முதலாளி.

காரணம் தெரியாததால் அதிகம் தவித்தவர் டிரைவர்தான். முதலாளியிடம் நெடுங்காலமாக வண்டி ஓட்டுகிறவர். குவாரி ஓரத்தில் கைகட்டி நின்று, தன் முதலாளி குதித்துக் குதித்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மெதுவாக மாஸ்டரம்மாவிடம் வந்தார்.

"அக்கா, நான் எதுவும் தப்பு பண்ணிட்டேனா? ஐயா எதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல தம்பி."

"சொல்லாம இருக்கறதுதான் பயமா இருக்கு. அவரு ஓட்டக் கத்துக்கிட்டா அப்பறம் நான் எதுக்கு?"

"அவரு கத்துக்கற வேகத்துக்கு நீ நிம்மதியா ரிட்டையர் ஆயிடலாம். போ, போய் டீ குடி" என்று அனுப்பினார் மாஸ்டரம்மா. சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் மனதில் நெருடலாகத்தான் இருந்தது.

சங்கத்துக்குப் பேச வர முடியுமா என்று கேட்டபோது, முதலாளி என்ஜினை அணைத்துவிட்டு யோசித்தார். அணைத்துவிட்டதால் மாஸ்டரம்மாவும் மரியாதையோடு காத்திருந்தார்.

"எனக்குப் பேச வராதும்மா. ஆனா ஒண்ணு. நான் லைசென்ஸ் வாங்கிட்டா வரேன்."

அடுத்த டெஸ்ட் எந்த நாளில் விழுந்தது தெரியுமா? கூட்டம் நடக்கிற அதே சனிக்கிழமை காலையில். டாக்டரோ இந்த நிபந்தனை தெரியாமல், 'தொழில்துறைச் சாதனையாளர் உரையாற்றுகிறார்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, மருந்துக்கடை முதல் முடிவெட்டும் கடை வரை ஒட்டிவிட்டார். அந்த வாரம் முழுக்க மாஸ்டரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதலாளி தோற்றுவிட்டால் மறுபடியும் 'எதிர்பாராதது'தான்.

சனிக்கிழமை காலை, டெஸ்ட் எடுக்கும் அதிகாரி பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலி ஓரத்தில் நின்ற மாஸ்டரம்மாவையும் டிரைவரையும் ஒருமுறை பார்த்தார். "மெதுவாத்தான் ஓட்டறார். ஆனா தப்பு எதுவும் பண்ணல" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மெத்தை முதலாளி அங்கேயே, அரசாங்க அலுவலக வாசலில், ஒரு குதி குதித்தார். டிரைவர் கைதட்டினார். தட்டிக்கொண்டே முகம் வாடினார்.

பிற்பகலில் முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"மாஸ்டரம்மா, கூட்டத்துக்கு நானே ஓட்டிட்டு வரப்போறேன். என்னோட வண்டியில."

"உங்க வண்டியிலயா? அது கப்பல் மாதிரி இருக்குமே சார்."

"அதான், நீங்க பக்கத்துல உக்காந்துக்கங்க."

கறுப்புக் காரில் மாஸ்டரம்மா ஏறி உட்கார்ந்ததும் வலது கால் தன்னிச்சையாகப் பிரேக்கைத் தேடியது. அங்கே மெத்தென்ற விரிப்பு மட்டும்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் ஒன்றுமே இல்லாமல், காலிலும் ஒன்றுமே இல்லாமல் ஒரு மாணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின் இருக்கையில் டிரைவர். அவரும் அந்த இடத்தில் அதற்கு முன் உட்கார்ந்ததில்லை. எங்கே சாய்வது என்று தெரியாமல், இருக்கையின் நுனியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வண்டி கிளம்பியது. நகர்ந்தது என்று சொல்லலாம். முதலாளி ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்து, மூச்சை அடக்கி, கண்ணிமைக்காமல் சாலையைப் பார்த்தார். பின்னால் ஒரு பஸ் வந்து சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, அதற்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள். எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். தெருவில் நின்றவர்கள் ஏதோ ஊர்வலம் என்று நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கறுப்புக் காரைப் பார்த்ததும் வழக்கம்போலப் பின் இருக்கைக்கு வணக்கம் வைத்தார்கள். டிரைவருக்கு வேறு வழி தெரியவில்லை. அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

"கியர மாத்து" என்றார் மாஸ்டரம்மா.

"இதுவே நல்லாத்தானே போகுது?"

"போகுதா? நடந்து போறவங்க நம்மள முந்திட்டுப் போறாங்க. மாத்து!"

அந்த நேரத்தில் பின்னாலிருந்து சைக்கிள் மணி கேட்டது. மாஸ்டரம்மாவின் கணவர், தபால் பையில் கடைசியாக மிஞ்சியிருந்த ஒரு பார்சலோடு வந்துகொண்டிருந்தார். காரை ஒட்டி வந்து, ஜன்னல் வழியே குனிந்து, "எல்லாரும் சௌக்கியமா?" என்று விசாரித்தார். பதில் வருவதற்குள் முந்திப் போய்விட்டார்.

நூலக வாசலில் வரவேற்புக் குழு நின்றிருந்தது. டாக்டர் கோட்டு போட்டிருந்தார். மருந்துக்கடைக்காரர் கையில் பெரிய பூங்கொத்து. மாடியில் கூடம் நிரம்பி வழிந்தது. நேரம் ஆக ஆக டாக்டரின் நெற்றியில் வியர்வை. தபால்காரரைப் பார்த்ததும் ஓடிவந்தார்.

"வழியில பார்த்தீங்களா? வர்றாங்களா?"

"வந்துக்கிட்டே இருக்காங்க. நான் பார்த்தப்ப தண்ணித் தொட்டிகிட்ட இருந்தாங்க. ஒரு பார்சல் குடுத்துட்டுத் திரும்பி வந்து பார்த்தேன், அப்பவும் தண்ணித் தொட்டிகிட்டதான் இருந்தாங்க."

ஒருவழியாகத் தெருமுனையில் கறுப்புக் கார் தெரிந்தது. குழு நிமிர்ந்து நின்றது. கார் மெல்ல வந்தது, வாசலை நெருங்கியது, நிற்காமல் மெல்லக் கடந்து போயிற்று.

"போறாங்களே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

உள்ளே முதலாளி, "இங்க நிறுத்த முடியாது மாஸ்டரம்மா, இடம் கொஞ்சமாத்தான் இருக்கு. இன்னொரு சுத்து போயிட்டு வரலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடத்தைச் சுற்றி வந்தார்கள். மறுபடி வாசல், மறுபடி வரவேற்புக் குழு, மறுபடி கடந்து போனார்கள். இந்த முறை முதலாளி ஒரு கையை எடுத்து அசைக்கப் பார்த்தார். "கைய வை!" என்று அதட்டல் விழுந்தது. அடுத்த சுற்றில் மருந்துக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. காரோடு கூடவே ஓடி, திறந்திருந்த பின் ஜன்னல் வழியாகப் பூங்கொத்தை உள்ளே திணித்து, "வருக வருக, உங்கள் வரவால் எங்கள் சங்கம் பெருமையடைகிறது" என்று மூச்சுவாங்கச் சொல்லி முடித்தார். டிரைவர் பூங்கொத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார்.

அதற்குள் மாடியிலிருந்தவர்கள் எல்லாம் கீழே இறங்கி வந்துவிட்டார்கள். இரண்டு கார்களுக்கு நடுவே இருந்த இடத்தில் கப்பலை நுழைக்க வேண்டும். முதலாளி ரிவர்ஸ் போட்டார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் மாஸ்டரம்மாவின் பழைய மாணவர்கள் அல்லவா? ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஒடி, ஒடி, நல்லா ஒடி!"

"இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்!"

"கண்ணாடியப் பாரு, என் மூஞ்சியப் பார்க்காத!"

"கால எடு! எந்தக் காலா?"

தன்னுடைய வசனங்களையே ஊரே திருப்பிச் சொல்வதைக் கேட்டு, மாஸ்டரம்மாவுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. முதலாளியோ எதுவும் காதில் விழாதவராக, நாக்கைக் கடித்துக்கொண்டு, முன்னால் பின்னால் என்று பல தடவை ஆடி, கடைசியில் வண்டியை இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் யார் வண்டியிலும் படவில்லை. கூட்டம் விசிலடித்தது. முன்கதவைத் திறந்து அவர் இறங்கியபோதுதான் டாக்டருக்கு விஷயம் விளங்கியது. பின் ஜன்னல் பக்கம் நின்றிருந்த மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார்.

"வாங்க சார்" என்றார் மாஸ்டரம்மா, என்ஜின் அணைந்துவிட்டதால்.

மேடையில் டாக்டர் வரவேற்றார். தொலைநோக்கு, விடாமுயற்சி, உயர்ந்த உள்ளம் என்று அடுக்கினார். முதலாளி எழுந்து, மேனேஜர் எழுதிக்கொடுத்த பேச்சைப் பையிலிருந்து எடுத்தார். முதல் வரியைப் படித்தார். "உழைப்பே உயர்வின்..." என்று நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார். தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"இதை என்னால இப்பப் படிக்க முடியலங்க" என்றார். "இன்னிக்குக் காலையில லைசென்ஸ் வாங்கினேன். இப்ப ஓட்டிட்டு வந்தேன். நீங்களே பார்த்தீங்க. அதைப் பத்திப் பேசட்டுமா?"

"பேசுங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் பேசினார். கம்பெனியில் தன்னை யாரும் திட்டியதில்லை என்றார். மெத்தையில் பஞ்சு கட்டிதட்டிப் போயிருந்தால்கூட, 'புது மாடல் சார்' என்று சொல்லிவிடுவார்களாம். "தப்பு பண்றேன்னு தெரிஞ்சுக்கவே வழியில்லாம இருந்தேன். குவாரி ரோட்டுல ஒரு நாளைக்கு எத்தன தப்பு பண்றேன்னு அப்பப்பத் தெரிஞ்சுது. முதல் ரெண்டு வாரம் வீட்டுக்குப் போய்த் தனியா உக்காந்தா அழுகையே வந்துடும். அப்பறம் என்னமோ பழகிப்போச்சு. ஒருநாள் இவங்க காய்ச்சல்ல பேசாம வந்தாங்க. அன்னிக்கு எனக்கு ஓட்டவே வரல." கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. மாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சூடாக இருந்தன. திட்டு வாங்கியவர்கள் அதை மறந்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

கேள்வி நேரத்தில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார். பூங்கொத்து விஷயத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்று அவருக்கு. "ஐயா, உங்களுக்குத்தான் நல்ல டிரைவர் இருக்காரே. அப்பறம் எதுக்கு இந்த வயசுல இவ்வளவு கஷ்டம்?"

கூடத்தின் பின்வரிசையில், பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றிருந்த டிரைவர், காதைத் தீட்டிக்கொண்டார். மாஸ்டரம்மாவும் நிமிர்ந்தார்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லித்தான் ஆகணுமா? சரி. என் வீட்டுக்காரிகூடச் சண்டை போடறதுக்கு."

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. வீட்டுல எப்பவும் வேலைக்காரங்க. ஆபீஸ்ல ஆளுங்க. கார்ல ஏறினா டிரைவர். நாங்க ரெண்டு பேரும் மனசு விட்டுச் சண்டை போட்டே எத்தனையோ வருஷமாச்சு. எதாவது ஆரம்பிச்சா, அவ கண்ணக் காட்டுவா, ஆள் இருக்குன்னு. அப்படியே முழுங்கிடுவோம். முழுங்கி முழுங்கி இப்பெல்லாம் 'சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா'ங்கற பேச்சோட நின்னுபோச்சு. ஒருநாள் ஜன்னல் வழியா ஒரு சின்ன காரப் பார்த்தேன். புருஷன் ஓட்டறான், பொண்டாட்டி பக்கத்துல. ரெண்டு பேரும் வாய் ஓயாம கத்திக்கிட்டே போறாங்க. எனக்கு அப்படியொரு பொறாமை வந்துச்சு பாருங்க."

கூடத்தில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அது அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து டிரைவரின் குரல் கேட்டது. அவருக்கு நிம்மதியும் ரோஷமும் ஒன்றாகப் பொங்கிவிட்டன.

"ஐயா, இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் காதுல பஞ்சு வெச்சுக்கிட்டு ஓட்டியிருப்பேனே!"

"பஞ்சுக்கு நம்மகிட்ட என்னப்பா பஞ்சம்?" என்றார் முதலாளி. "ஆனா கண்ணாடியில உன் கண்ணு தெரியுதே. அதை எதை வெச்சு மூடறது? வண்டியில்ல ஓட்டணும் நீ?"

பிறகு குரலைத் தணித்து, எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஞாயித்துக்கிழமை மட்டும் எனக்குக் குடு. மத்த நாளெல்லாம் நீதான். நீ ஓட்டினாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." மெத்தைக்காரர் வாயிலிருந்து அப்படியொரு பாராட்டு அதற்கு முன் யாருக்கும் கிடைத்ததில்லை. டிரைவர் பூங்கொத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். மறைக்கத்தான்.

கூட்டம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் முதலாளி மைக்கைக் கொடுக்காமல், "நான் ஒரு கேள்வி கேக்கட்டுமா?" என்றார். "இங்க எத்தன பேருக்கு ஓட்டத் தெரியாது? கத்துக்க ஆசை இருந்தும், இந்த வயசுல என்னத்தன்னு வெட்கப்பட்டு விட்டவங்க எத்தன பேரு?"

ஜன்னலோரத்தில், மெதுவாக ஒரு கை எழுந்தது. இன்சூரன்ஸ்காரர். விபத்துகளைப் பற்றி ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவர், ஒருநாளும் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லையாம். "படிச்சுப் படிச்சே பயம் வந்துடுச்சுங்க" என்றார். அவரைப் பார்த்து நூலகத்து அம்மா கையைத் தூக்கினார். தையல்கடைக்காரர் தூக்கினார். பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கைகள் முளைத்தன. மாஸ்டரம்மா திரும்பிப் பார்த்தபோது, கதவோரம் தபால் பையோடு நின்ற தன் கணவரின் கை தோள் உயரத்துக்கு எழுந்து, அவர் பார்ப்பதைக் கண்டு, தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது.

டாக்டர் சும்மா இருப்பாரா? இத்தனை நாளும் மரம் நடுவதும் பெஞ்சு போடுவதும், அதைவிடப் பெரிதாகப் பெயர்ப்பலகை வைப்பதுமாக இருந்த சங்கத்துக்கு ஒரு புதுச் சேவை கண்ணெதிரே கிடைத்துவிட்டது. இளவயது தாண்டியவர்களுக்கு ஞாயிறுதோறும் இலவச ஓட்டுநர் பயிற்சி என்று அங்கேயே தீர்மானம் போட்டார். மெத்தைக் கம்பெனியின் கிடங்குக்குப் பின்னாலிருந்த காலி மைதானத்தைத் தருவதாக முதலாளி சொன்னார். பயிற்சிக்குத் தலைமை மாஸ்டரம்மா. உதவிக்கு யார் என்ற கேள்வி வந்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாமல் போன ஒரு நல்ல டிரைவர் பின்வரிசையில் இருந்தார்.

அடுத்த வாரம் ஞாயிறன்று மைதானத்துக்குப் போன மாஸ்டரம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். சுற்றுச்சுவர் நெடுக, கம்பங்கள் ஒவ்வொன்றையும் சுற்றி, விற்பனைக்கு உதவாத மெத்தைகளைக் கட்டி வைத்திருந்தார் டிரைவர். நீலம், சிவப்பு, பூப்போட்டது, கோடு போட்டது. "ஐயா கத்துக்கிட்டதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். எதுக்கும் இருக்கட்டும்கா" என்றார்.

முதல் ஆளாக வந்தவர், கைப்பையோடு நடந்து வந்த ஓர் அம்மாள். வெள்ளைக் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். டிரைவர் பதறி ஓடிவந்து கும்பிட்டதில்தான், வந்திருப்பது மெத்தை முதலாளியின் மனைவி என்று மாஸ்டரம்மாவுக்குப் புரிந்தது.

"சார்தான் இப்ப ஓட்டறாரேம்மா?" என்றார்.

"ஓட்டறாரு" என்றார் அந்த அம்மாள். "சண்டையும் போடறோம். நல்லாத்தான் போகுது. ஆனா அவருக்கு ஒரு நேரத்துல ஒரு வேலதான் வரும். பதில் சொல்லணும்னா வண்டிய ஓரங்கட்டி நிறுத்திடறாரு. ஒரு சண்டை முடியறதுக்குள்ள பின்னாடி வர்ற பஸ்ஸுக்காரங்களும் சேர்ந்துக்கறாங்க. எனக்கு ரெண்டு வேலையும் ஒண்ணா வரும்னு தோணுது. சொல்லிக்குடுங்க."

ஏறி உட்கார்ந்தார். சொன்னதைச் சொன்னபடி செய்தார். வண்டி குதிக்காமல், நிற்காமல், வழுக்கிக்கொண்டு கிளம்பியது. மாஸ்டரம்மா திட்டுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். மைதானத்தின் கோடியில் திரும்ப வேண்டிய இடத்தில், அந்த அம்மாள் கணவரைப் பற்றி ஏதோ சொல்லத் திரும்ப, மாஸ்டரம்மாவும் பிரேக்கை மறந்து கேட்கத் திரும்ப, கார் நேராகப் போய்ப் பூப்போட்ட மெத்தையில் புதைந்தது. சத்தமே இல்லை. மெல்ல உள்வாங்கி, மெல்லப் பின்னால் தள்ளிவிட்டது.

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். மாஸ்டரம்மா வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. கைப்பையால் வாயை மூடிப் பார்த்தும் அடங்கவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நம்ம மெத்தை இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது போங்க" என்றார். "இன்னொரு தடவ மோதிப் பார்க்கலாமா?"

"முதல்ல ரிவர்ஸ் எடு" என்றார் மாஸ்டரம்மா.